மழையில் திணறும் லாரி



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லாரியின் சத்தம் நன்கு பழக்கமானது. பால் ஏற்ற வரும் லாரி எது, அரிசி மூட்டை கொண்டுவரும் லாரி எது என்று லயத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள். பெட்ரோல் லாரிகள் ஓடிய காலத்தில், மழை நாளில் மட்டும் அந்தச் சத்தம் மாறிப்போகும். சீராக ஓட வேண்டிய இயந்திரம் இடையிடையே ஓர் அடியை விழுங்கும். மேட்டில் ஏறும்போது வண்டி உதறும். புகைக்குழாயில் டப்பென்று வெடிக்கும். “மிஸ்ஸிங் அடிக்கிறது” என்பார் ஓட்டுநர். வெயில் அடித்ததும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். இந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை இன்று பார்ப்போம். இந்த வரலாற்றில் நாம் வெட்டிய பாலுக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில், மலாக்காவில் லாரி ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று? 1896-இல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டங்களில் அதுவும் ஒன்று. பின்னர் புக்கிட் ஆசஹானில் இன்னும் பெரிய அளவில் பயிரிட்டார். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் வேலை செய்ய மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. மலாக்கா நகருக்கு அந்த ரயிலும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பாலுக்கும் சரி, ஆளுக்கும் சரி, சாலை வண்டியே கதி என்றாயிற்று.

பாலோ காத்திருக்காத பொருள். மரத்திலிருந்து இறக்கிய சில மணி நேரத்தில் கட்டியாகத் தொடங்கிவிடும். அதைத் தள்ளிப்போடத்தான் அம்மோனியா சேர்க்கிறார்கள். பால் வெட்டி முடிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டால், கோப்பையில் தண்ணீர் விழுந்து பால் வீணாகும். அவசர அவசரமாகப் பாலெடுத்து ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். லாரி மிகவும் தேவைப்படும் அந்த வேளையில்தான் லாரியும் திணறும். மழை நாளில் பிரசவ வலி எடுத்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், லாரியின் திணறல் உயிர்ப் பிரச்சினையே ஆகிவிடும்.

இயந்திரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெட்ரோல் இயந்திரத்தில், காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்படும். சரியான நொடியில் ஒரு தீப்பொறி அதைக் கொளுத்த வேண்டும். அந்தப் பொறியைத் தருவது பிளக். பேட்டரியில் இருப்பதோ 6 அல்லது 12 வோல்ட். அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதாது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டல் விதியைக் கண்டறிந்தார். அந்த விதியின்படி செயல்படும் காயில், 12 வோல்ட்டைப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை செய்த மாடல் டி வண்டியில் இந்தக் காயில்கள் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. மரம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய மரத்தின் வழியாக மின்சாரம் கசிந்து, பொறி பலவீனமாகும். மழைக்காலத் திணறல் மோட்டார் வண்டிகளின் தொடக்கக் காலத்திலேயே பிறந்துவிட்டது என்பதற்கு அந்தப் பெட்டியே சாட்சி. இதற்கிடையில் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மற்றொரு முறை 1910-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்தது. ஒரே காயில், அதன் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர். போருக்குப் பிறகு நாம் கண்ட பெட்ஃபோர்டு, ஆஸ்டின் முதலான பெட்ரோல் லாரிகளிலும் இருந்தது இந்த ஏற்பாடுதான்.

இருபதாயிரம் வோல்ட்டை வழியில் கசியாமல் கொண்டுபோக வேண்டுமே! அதற்குக் காவலாக நின்றது ரப்பர். பிளக் வயர்களின் மேலுறை நெடுங்காலம் ரப்பரால் ஆனது. மலாக்காவில் வெட்டிய பால் கப்பலேறிப் போய், வயராக மாறி, லாரிக்குள் உட்கார்ந்து திரும்பியிருக்கவும் கூடும். ஆனால் அந்தக் காவலுக்கும் வயது உண்டு. இயந்திரத்தின் சூடு, எண்ணெய், மின்பொறி உண்டாக்கும் ஓசோன் வாயு ஆகிய மூன்றும் இயற்கை ரப்பரை வெடிக்கச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பில் ஈரமும் அழுக்கும் புகுந்தால், மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் இப்படியே. ஈரமான அழுக்கின்மேல் பொறி ஊர்ந்து ஊர்ந்து, மூடியைக் கருக்கி, பென்சிலால் கீறியதுபோல் ஒரு கரிக்கோடு போட்டுவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு வெயிலிலும் திணறல் தொடரும்.

மேட்டில் மட்டும் உதறுவானேன் என்று கேட்கலாம். பளு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவது கடினம். மின்சாரம் எளிய வழியைத் தேடும். வெடித்த வயர் வழியே வெளியேறிவிடும்.

பழைய பட்டறைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்த முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் அவர்கள் கேட்ட கேள்வி, எப்போது திணறுகிறது என்பதே. காலைப் பனியிலா, மழையிலா, ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகா? அடுத்து, உலர்ந்த துணியால் மூடியையும் வயர்களையும் துடைத்துப் பார்ப்பார்கள். துடைத்ததும் சரியானால், கோளாறு மின்பாதையில் என்பது தெளிவு. அதுவே மருந்து என்று விட்டுவிட்டால் அடுத்த மழையில் மறுபடியும் நிற்க வேண்டியதுதான். எனவே இருட்டிய பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்கில்லாமல் தள்ளி நின்று பார்ப்பார்கள். கசியும் இடத்தில் நீலப்பொறி மின்னும். எதுவும் தெரியாவிட்டால் மெல்லிய நீர்த்துளிகளைத் தெளித்து, மழையைத் தாங்களே உண்டாக்கிப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு பிளக்கின் மின்சாரத்தையும் தனித்தனியே நிறுத்துவார்கள். நிறுத்தியதும் சத்தம் மாறினால் அந்தச் சிலிண்டர் நலம். மாறாவிட்டால் நோயாளி அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக் மின்சாரம் கையைத் தூக்கி அடிக்கும். பெட்ரோல் கசிவு இருந்தால் தீயே பிடிக்கும். மின்னணுப் பற்றவைப்பு உள்ள வண்டிகளில் பிளக்கின் மின்சாரத்தை அப்படி நிறுத்தினால் கருவியே கெட்டுவிடக்கூடும். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்யக் கூடாது.

மழை நாளில் திணறுவதெல்லாம் மின்கசிவு ஆகிவிடாது. எண்ணெயில் தண்ணீர் கலந்தாலும் திணறும். எண்ணெய் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால், மேல்தட்டில் மழைநீர் தேங்கும். இரவில் டிரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, அடைப்பின் ஓரமாக அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயில் வந்தும் நோய் தீராவிட்டால் வயரை விட்டுவிட்டு டிரம்மைப் பார்க்க வேண்டும். டிரம்மைப் படுக்க வைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

காலப்போக்கில் நோயின் இடமும் மாறியது. 1931-இல் அறிமுகமான நியோப்ரீன் போன்ற செயற்கைப் பொருள்களும், பின்னர் சிலிக்கோனும் வயர் உறையில் ரப்பரின் இடத்தைப் பிடித்தன. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தண்ணீரை விலக்கும் டபிள்யூடி-40 என்ற திரவம் உருவானது. ஈரமான டிஸ்ட்ரிபியூட்டரில் அதைத் தெளிப்பது ஓட்டுநர்களின் வழக்கமாயிற்று. லாரிகளோ டீசலுக்கு மாறின. 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இயந்திரத்தில் பிளக் பொறிக்கே வேலை இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைக் கொளுத்துகிறது. ஆகவே டீசல் லாரி மழையில் திணறினால் எண்ணெயில் தண்ணீரையும், நனைந்த காற்று வடிகட்டியையும் முதலில் பார்க்க வேண்டும். புதிய வண்டிகளில் மின்னணுக் கருவிகளின் வயர் இணைப்புகளில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

லாரி நின்றுபோனால் ஓட்டுநர்மேல் பழி விழுவது வழக்கம். மழையையும் சபிப்பார்கள். எப்போது, எங்கே, எந்தச் சிலிண்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டவர்தான் கோளாறைக் கண்டார். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. காதும் கண்ணும் பொறுமையும் வேண்டும். பால்மரத்தின் பட்டையில் அரும்பு ஆழம் கூடினாலும் மரம் காயப்படும் என்று அறிந்து, அளவாக வெட்டிய கைகள் நம்முடையவை. அந்தக் கைகளுக்குப் பொறுமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பழுதான ஒரு பொருளின் முன் உட்கார்ந்து “ஏன்?” என்று கேட்டால், விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “எப்போது இப்படி ஆகிறது?” என்று அடுத்த கேள்வியை எடுத்துக் கொடுங்கள்.