ஒழுகாத புல்லட் உண்டா? ஓர் ஆயில் கசிவின் வரலாறு

"புல்லட்டில் ஆயில் ஒழுகவில்லை என்றால், உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம்!"

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் வசனம் இது. சிரிப்பு இருக்கட்டும். ஒரு வண்டி ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஒரே குறையோடு விற்பனையானது எப்படி? அந்தக் குறை கடைசியில் எப்படித் தீர்ந்தது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூர் வரை

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனம். எல்லைக் காவலுக்கும் போலீசுக்கும் வண்டி தேடிய இந்திய அரசு, 1950களில் அதன் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகிவிட்டன.

இங்கிலாந்து நிறுவனம் 1970-இல் மூடப்பட்டது. தாய் போய்விட்டாள், பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது! தாய் கொடுத்த சீதனத்தில் வரைபடமும் அச்சுகளும் மட்டுமல்ல, ஆயில் கசிவும் இருந்தது.

ஏன் ஒழுகுகிறது?

இப்போதைய பைக்குகளில் என்ஜின், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். பெரும்பாலும் ஒரே ஆயில்தான். பழைய புல்லட்டில் என்ஜின் தனி, பிரைமரி செயின் பெட்டி தனி, கியர் பெட்டி தனி. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். மூன்று வீடு என்றால் மூன்று வீட்டுக்கும் வாசல் உண்டு, இல்லையா?

கிராங்க் கேஸ் என்பது இடமும் வலமுமாக இரண்டு அலுமினியப் பாதிகள். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஓர் இணைப்பு. மேலே ராக்கர் கவர்கள். அவற்றுக்கு ஆயில் கொண்டுபோக என்ஜினுக்கு வெளியே ஒரு குழாய், அதன் முனைகளில் செம்பு வாஷர்கள். இடப்பக்கத்துப் பிரைமரி கவரை நடுவில் ஒரே ஒரு நட்டும், சுற்றிலும் ஒரு ரப்பர் வளையமும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை இன்னும் இறுக்கினால் கவர் வளைந்துபோய் முன்பைவிட அதிகமாக ஒழுகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரீதர். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. அந்தக் காற்று வெளியேறும் வழி பிரீதர் குழாய். அது அடைத்துக்கொண்டால், காற்று பலவீனமான இணைப்பைத் தேடிப்பிடித்து ஆயிலோடு வெளியே வரும்.

என்ஜின் இறக்கிய பிறகும்...

போரிங் செய்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேக்கிங் எல்லாம் போட்டுப் பூட்டிய வண்டியும் ஒழுகும். உரிமையாளருக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஷெட்டில் நின்றபோது ஒரு சொட்டுக்கூட இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டர் தாண்டி, மரக்காணம் உப்பளங்களின் ஓரம் நிறுத்தினால் வெளுத்த மண்ணில் கறுப்பாகச் சொட்டுகிறது. காரணம் எளிது. சூட்டில் ஆயில் இளகிவிட்டது. புது ரிங் சிலிண்டரோடு இன்னும் படியவில்லை, எரிந்த வாயு அதைத் தாண்டிக் கீழே இறங்கி உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவிட்டது.

மரக்காணம் போன்ற கடலோர ஊர்களிலேயே ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். இணைப்பு ஓரங்களில் வெள்ளையாகப் பொடி பூக்கும், அதன் அடியில் நுண்ணிய குழிகள் விழும். குழி விழுந்த முகத்தில் எத்தனை புதுப் பேக்கிங் வைத்தாலும் பிடிக்காது.

தேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டார். முதலில் என்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவைப்பார். பிறகு முகப் பவுடரைத் தூவி வண்டியை ஓடவிடுவார். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் அல்ல! பவுடரில் மிக மேலே, மிக முன்னே எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் தேட வேண்டும். விரலில் தொட்டுப் பார்த்தால் அது எந்த வீட்டு எண்ணெய் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்து பிரீதர். அது சுத்தமாக இருந்தால்தான் மற்ற வேலை. இணைப்பு முகத்தைச் சுரண்டி, கண்ணாடிப் பலகைமேல் எமரித்தாள் விரித்துத் தேய்த்துச் சமன்செய்வார். பழைய செம்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். அனபாண்டை அப்பினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் வழியை அடைத்தால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். வெளியே ஒழுகும் ஆயில் பின்டயரில் பட்டாலும் ஆபத்துதான். ஆக, இது வெறும் கறை விஷயம் இல்லை.

அப்படியானால் கம்பெனி ஏன் சரிசெய்யவில்லை?

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டத்துக்குப் பிறகு, யார் என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை லைசென்ஸ்தான் தீர்மானித்தது. இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு. போட்டிக்கு ஜாவா, ராஜ்தூத் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வண்டிகள்தான். வாங்குபவருக்கு வேறு வழி இல்லாதபோது, விற்பவருக்கு மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. கம்பெனி விட்ட வேலையைத் தெருமுனை மெக்கானிக் செய்தார், அதற்கான செலவை உரிமையாளர் கொடுத்தார்.

1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுடன் 100 சி.சி. வண்டிகள் வந்தன. இந்த் சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100. என்ஜினுக்கு அடியில் செய்தித்தாள் விரிக்கத் தேவையில்லாத பைக்கும் உண்டு என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். புல்லட் கம்பெனி தள்ளாடியது. 1994-இல் அது ஐஷர் கைக்குப் போனது. 2000-இல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். 2002-இல் ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது.

உண்மையான தீர்வு 2009-இல் கிளாசிக் மாடலோடு பரவலாக வந்த யு.சி.இ. என்ஜின். என்ஜினும் கிளட்சும் கியரும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில். புதுப் பேக்கிங் போட்டுக் கசிவை அடைக்கவில்லை, கசியக்கூடிய இணைப்புகளையே குறைத்துவிட்டார்கள். சில வருடங்களிலேயே விற்பனை பல மடங்கு ஏறியது. 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தார்கள். "அந்தப் பழைய டுப்-டுப் சத்தம் போச்சே!" என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் பழைய வண்டியை விற்காமல் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ஐம்பது வருடம் எல்லோரும் சொட்டிய இடத்தைத்தான் பார்த்தார்கள். பேக்கிங்கைக் குறைசொன்னார்கள், மெக்கானிக்கைத் திட்டினார்கள், கடைசியில் அதையே புல்லட்டின் அடையாளம் என்று சொல்லிப் பெருமையும் பட்டுக்கொண்டார்கள். கசிவு தொடங்கிய இடம் அதற்கெல்லாம் மேலே இருந்தது: வரைபடத்தில், அதை மாற்றச் சொல்லி யாரும் நெருக்காத சந்தையில்.