அத்தைப்பாட்டியும் ஒரு மூக்குத்தியும்

இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் மூக்குத்திச் சண்டை. படிப்பை முடித்த மகளுக்கு முதல் நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. மூன்று வருடம் முன்பு கல்பாத்தித் தேருக்குப் போனபோது, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்த ஒற்றைக்கல் மூக்குத்தி. அதைக் கழற்றிவிட்டுப் போ என்கிறாள் என் மனைவி. "வேலை கெடச்சப்பறம் போட்டுக்கோயேன்டீ. அதுவரைக்கும் என்னத்துக்கு வம்பு?" மகள் என்னைப் பார்த்தாள். நான் வழக்கம்போல் காபி கலக்கிற சாக்கில் சமையலறைக்குள் நழுவிவிட்டேன்.

மெல்பர்ன் குளிரில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் அத்தைப்பாட்டி ஞாபகம் வந்தது. யோசித்துப் பார்த்தால் சம்பந்தம் நிறையவே இருக்கிறது.

என் தாத்தாவின் தங்கை அவள். பதினாலு வயதில் வாழாமலே அறுத்து, கல்பாத்தியில் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். எனக்கு நினைவு தெரிந்த எழுபதுகளில், நார்மடிப் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்கட்டில்தான் இருப்பாள். மாதம் ஒரு முறை நாவிதர் கொல்லைப்புறமாக வருவார். அன்றைக்குக் குழந்தைகள் யாரும் கொல்லைப்பக்கம் போகக்கூடாது.

ஆனால் கைவேலை என்றால் தெரு முழுக்க அவளைத்தான் கூப்பிடும். கடுமாங்காய், அப்பளம், கொண்டாட்டம், சக்கவரட்டி எல்லாவற்றுக்கும் அவள்தான். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் நாலு நாள் முன்பே ஆள் அனுப்புவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் ராத்திரி வரை எழுந்திருக்க மாட்டாள். முகூர்த்த நேரத்தில் மட்டும் யாராவது ஒரு மாமி வந்து, "அத்தே, சித்த உள்ளேயே இருங்கோ, கேட்டேளா" என்று சொல்லிவிட்டுப் போவாள். சாப்பாட்டுக்குக் கை வேண்டும், மணையில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் அந்த முகம் படக்கூடாது. சம்பளம் என்று யாரும் கொடுத்ததாக நினைவில்லை. அதற்கு 'ஒத்தாசை' என்று பெயர்.

பணியிடத்தில் பெண்ணின் தோற்றம் என்று இன்று கட்டுரை எழுதுகிறவர்கள் விமானத்தையும் அலுவலகத்தையும்தான் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த முதல் பணியிடம் அந்தக் கல்யாண வீட்டுப் பின்கட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்பாத்தி ஊரே ஒரு கைம்பெண்ணைச் சுற்றி எழுந்த ஊர். லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து பாணலிங்கம் ஒன்றைக் கொண்டுவந்து, பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் 1,320 பொன்னும் கொடுத்துக் கோயில் எழுப்பச் சொன்னாள், 1425ல் விசுவநாதசுவாமி கோயில் எழுந்தது என்பது தலவரலாறு. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பாதியைக் கொண்டுவந்தவளே நேரில் வந்தாலும் கல்யாணப் பந்தலில் எங்கே உட்கார வைத்திருப்போம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

மெட்ராஸில் இதே காலத்தில் வேறொரு கதை நடந்தது. ஆர்.எஸ். சுப்பலட்சுமியைப் பற்றி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள், 'சிஸ்டர் சுப்பலட்சுமி' என்றால் இன்னும் சுலபமாகத் தெரியும். 1886ல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், கொஞ்ச நாளிலேயே வைதவ்யம். அப்பா சுப்பிரமணிய ஐயர் செய்த காரியம் என்னவென்றால், அந்தக் குழந்தையின் தலையை மழிக்கச் சம்மதிக்காமல் படிக்க வைத்தார். சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911ல் பட்டம் வாங்கினார். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று அவரைச் சொல்வார்கள்.

அந்த முடி சாதாரண முடி இல்லை. மழித்த தலை பார்க்கிறவர்களுக்கு ஒரு அறிவிப்புப் பலகை. புருஷன் இல்லாதவள், எதிரே வரக்கூடாதவள் என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும். பொட்டும் பூவும் தாலியும் அதே பலகையின் மறுபக்கம். பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தேடுவது அவள் யாருடையவள் என்பதை. சுப்பலட்சுமியின் அப்பா அந்தப் பலகையை மாட்டவிடவில்லை.

அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு வரவழைக்கப் பெண் ஆசிரியைகள் வேண்டும். மேல்ஜாதி வீடுகள் தங்கள் ஜாதிப் பெண்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றன. ஆனால் அந்த ஜாதியில் பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் கல்யாணம் ஆகிவிடும், கல்யாணம் ஆனவள் வேலைக்கு வரமாட்டாள். மிச்சம் யார்? எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஒதுக்கிய விதவைகள்தான்! பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச்சுக்கும் சுப்பலட்சுமிக்கும் இந்தக் கணக்கு புரிந்தது. பட்டம் வாங்கிய கையோடு, நாலே நாலு சிறுமிகளை வைத்துக்கொண்டு எழும்பூரில் ஒரு விதவையர் இல்லத்தை ஆரம்பித்தார் சுப்பலட்சுமி. பிறகு அது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது, இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோமே, அதேதான். 1922ல் வந்த லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சி நிறுவனத்துக்கும் அவரே தலைமை. பின்கட்டில் இருக்கவேண்டிய பெண்கள் கரும்பலகை முன்னால், முப்பது நாற்பது குழந்தைகள் கண்ணெதிரே, மணிக்கணக்கில் நின்றார்கள். சம்பளமும் வாங்கினார்கள்.

ஐஸ் ஹவுஸில் அந்த விடுதி 1941 வரை நடந்தது. அத்தைப்பாட்டி அறுத்தது 1936 வாக்கில். ஒலவக்கோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் மெட்ராஸ். எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தா பி.ஏ. படித்தவர். தெரியாமல் இருந்திருக்க முடியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். ஒலவக்கோட்டிலிருந்து ஷொர்ணூர் போகிற பாதையில் லக்கிடி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். நாற்பதுகளின் கடைசியில் நம்பூதிரிப் பெண்கள் சிலர் அங்கே ஒரு தொழில் கேந்திரம் நடத்தினார்கள். ஓலைக்குடையால் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்றிருந்த அந்தர்ஜனங்கள், குடையைப் போட்டுவிட்டு வேலை கற்றுக்கொள்ள வந்தார்கள். 'தொழில்கேந்திரத்திலேக்கு' என்ற நாடகத்தை அவர்களே உருவாக்கி, 1948ல் அவர்களே நடித்தார்கள். கல்பாத்தியிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் தெருவில் யாராவது போய்ப் பார்த்தார்களா தெரியாது.

சரி, குடை போயிற்று, மழித்த தலை போயிற்று, பெண்கள் வேலைக்கும் வந்துவிட்டார்கள். அதோடு பார்வை விட்டதா?

விமானப் பணிப்பெண் கதையைப் பாருங்கள். 1930ல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற நர்ஸ்தான் முதல் ஆள். உடல்நிலை கெட்டால் பயணிகளைக் கவனிக்க நர்ஸ் வேண்டும் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் நிபந்தனைகளில் வயது, எடை, உயரம், கல்யாணம் ஆகாதவள் என்பதெல்லாம் அப்போதே உண்டு. நம் ஏர் இந்தியாவில் எழுபதுகளில் இருந்த விதி இது: பணிப்பெண்ணுக்கு வயது 35 ஆனாலோ, சேர்ந்த நாலு வருடத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கர்ப்பமானாலோ, எது முதலில் வருகிறதோ அன்றைக்கு வேலை போய்விடும். நிர்வாக இயக்குநர் மனது வைத்தால் 45 வரை நீட்டிக்கலாம். அதே விமானத்தில் கூட வேலை பார்க்கிற ஆணுக்கு 58 வரை கவலையில்லை.

நர்கீஸ் மீர்சா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். பணிப்பெண் இளமையாகவும் கவர்ச்சியாகவும் இருக்கவேண்டிய வேலை இது என்று நிறுவனத்தின் தரப்பில் வாதாடினார்கள். 1981 ஆகஸ்டில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், நீதிபதி ஃபசல் அலி அந்த வாதத்தை வெறும் ஊகம், பெண்மைக்கே அவமானம் என்று தூக்கி எறிந்தார். கர்ப்ப விதி ரத்து. நிர்வாக இயக்குநரின் மனம்போன அதிகாரமும் ரத்து. படிக்கப் படிக்க நமக்கே கைதட்டத் தோன்றும். ஆனால் நாலு வருடக் கல்யாணத் தடையை அதே தீர்ப்பு நியாயம் என்று விட்டுவைத்தது. ஆணுக்கு 58, பெண்ணுக்கு 45 என்பதும் சமத்துவத்துக்கு விரோதமில்லையாம், இரண்டும் வேறு வேறு பதவிகளாம்! 2009 ஜனவரியில் எடை அதிகம் என்று பத்துப் பணிப்பெண்களை ஏர் இந்தியா வேலையைவிட்டு நீக்கியது. தராசும் ஒரு அறிவிப்புப் பலகைதான்.

(ஊர்ப் பெருமைக்கு ஒரு அடைப்புக்குறி. இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1979ல், வெளியுறவுத் துறையில் பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அனுமதி வாங்கவேண்டும் என்ற விதியை சி.பி. முத்தம்மா எதிர்த்தபோது, அந்த ஆணாதிக்கத்தைச் சாட்டையால் அடித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். எங்க ஆளாக்கும்!)

ஊரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி, என்னைப் பற்றியும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கிற ஒரு வேலைக்கு ஆள் எடுத்தோம். வந்தவர்களிலேயே நன்றாகப் பதில் சொன்னது ஒரு பெண். கறுப்பு, முகத்தில் அம்மைத் தழும்பு, கொஞ்சம் பருமன். மேலாளர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் காகிதத்தில் 'பிரசன்டபிள் இல்லை' என்று எழுதினேன். அவர் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன். இரண்டே வார்த்தை. அந்தப் பெண்ணுக்கு 'பணியிடம் நிரம்பிவிட்டது' என்று கடிதம் போயிருக்கும். கல்யாண வீட்டில் "சித்த உள்ளேயே இருங்கோ" என்று சொன்ன மாமியை இத்தனை வருடம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

நிறம் என்றதும் கேரளத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்ட் கடைசியில் தலைமைச் செயலர் வேணு ஓய்வுபெற, அவர் மனைவி சாரதா முரளீதரன் அதே நாற்காலிக்கு வந்தார். அவரும் ஐ.ஏ.எஸ்., குடும்பஸ்ரீயை வருடக்கணக்கில் நடத்தியவர். 2025 மார்ச்சில் ஒருநாள் முகநூலில் எழுதினார்: கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு கறுப்பு இவருடையது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் மொத்த நிர்வாகத்துக்கும் தலைமையில் இருந்த பெண்ணுக்கு இது! நாலு வயதில், தன்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதையும் எழுதியிருந்தார். கறுப்பு அழகு என்று அவருக்குப் புரியவைத்தது அவருடைய பிள்ளைகளாம். அதைப் படித்த ராத்திரி அந்த 'பிரசன்டபிள் இல்லை' பெண்ணுக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே இருப்பவருக்கே இப்படி என்றால், புடவைக்கடையில் நிற்கிற பெண்ணைக் கேட்கவேண்டாம். பளிச்சென்று உடுத்தி, சிரித்த முகத்தோடு நாள் முழுக்க நிற்கவேண்டும். உட்கார்ந்தால் கடைக்கு லட்சணமில்லை. கோழிக்கோட்டில் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் வருடக்கணக்கில் போராடி, கேரளத்தில் 2018ல்தான் உட்காருகிற உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021ல். நாற்காலியில் உட்கார ஒரு சட்டம்!

காபி ஆறிவிட்டது. கூடத்துக்கு வந்தபோது மகள் மடிக்கணினியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்த தென்னிந்திய வம்சாவளி மாணவி ஒருத்தியைப் பள்ளி கழற்றச் சொல்ல, விவகாரம் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போன கதை. 2007ல் தீர்ப்பு. மூக்குத்தி மதக் கட்டாயம் இல்லையே என்றது பள்ளி. கட்டாயமில்லாமல் விருப்பத்தோடு கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளியை முடித்துவிட்டாளாம்.

"அப்பா, அது ஸ்கூல். ஆபீஸ்ல என்ன பண்ணுவா?" என்றாள்.

அத்தைப்பாட்டியைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். நாவிதர் வருகிற நாளையும் சொன்னேன். சென்னை நேர்முகத் தேர்வையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், சுவாமி படத்துக்குக் கீழே வைத்திருந்த மூக்குத்தித் திருகாணியை எடுத்துவந்தாள். கழற்றச் சொல்லித் திருகியதில் அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது. "இத எறுக்கிப் போட்டுக்கோ, நாளைக்கு அங்க போய் விழுந்துடப் போறது."

மூக்குத்தியோடுதான் போனாள். மூன்று பேர் கேள்வி கேட்டார்களாம். முடிவை அடுத்த வியாழக்கிழமை சொல்வார்களாம்.