அணை வேண்டாம் என்ற விவசாயிகள்

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்காகத்தான் கட்டப்பட்டது. தேங்கியதோ திருப்பூர் சாயக்கழிவு. கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின. கடைசியில் அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்டார்கள். கொடுமை!

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தும், அவர்கள் நம்பிப் போனது உயர் நீதிமன்றத்தை. சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று 2006ல் உத்தரவு. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். வேலை போன தொழிலாளியும் அரசைத்தான் நொந்துகொண்டார்.

போன நம்பிக்கை திரும்ப வேண்டுமா? ஆற்றுநீரின் உப்பு அளவை வாராவாரம் ஊர்ப் பலகையில் எழுதட்டும். விவசாயிகள் முன்னிலையில் அளந்து எழுதட்டும்.