தாலிடோமைடும் கருவின் உருக்குறைகளும்

தாலிடோமைடு என்னும் மருந்து 1957 முதல் 1961 வரை பல நாடுகளில் தூக்க மாத்திரையாகவும் மசக்கைக்கான மருந்தாகவும் விற்கப்பட்டது. கருவுற்ற தாய்மார் இதை உட்கொண்டதால் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைகளோடு பிறந்தன; அவற்றுள் பல பிறந்த சில மாதங்களிலேயே இறந்தன. கருவளர்ச்சியை வெளிப்பொருள்கள் எவ்வாறு கெடுக்கின்றன என்னும் ஆய்வுத்துறை இன்றைய வடிவத்தைப் பெற்றதில் இம்மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மேற்கு ஜெர்மனியின் கெமி குருனந்தால் நிறுவனம் 1957 அக்டோபர் 1 அன்று 'கான்டர்கன்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அளவுக்கு மீறிக் கொடுத்தும் எலிகள் சாகவில்லை என்பதால் முழுப் பாதுகாப்பானது என விளம்பரம் செய்தார்கள். ஜெர்மனியில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே கடைகளில் கிடைத்தது. நஞ்சுக்கொடி ஒரு வேலிபோல் நின்று தீயவற்றைக் கருவுக்குள் விடாது என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை குழந்தைக்குக் கண்புரையை உண்டாக்குகிறது என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இலேயே எழுதியிருந்தும், மருந்துகளைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை யாருடைய காதிலும் ஏறவில்லை.

பாதிப்பைத் தீர்மானித்ததில் மருந்தின் அளவைவிட அதை உட்கொண்ட நாளுக்கே பங்கு அதிகம். கருத்தரித்த ஏறத்தாழ 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரைதான் ஆபத்துக் காலம். அதன் தொடக்கத்தில் உட்கொண்டிருந்தால் காதுகளும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் கெட்டன. சில நாள் கழித்து என்றால் கைகள், அதற்கும் பின் என்றால் கால்கள். தோளிலிருந்தே விரல்கள் முளைத்ததுபோன்ற ஃபோகோமீலியா என்னும் குறை இப்படி வந்ததே. இதயம், சிறுநீரகம், குடல் ஆகியவற்றிலும் குறைகள் இருந்தன. இந்த நாள்களுக்குள் ஒரே ஒரு மாத்திரை விழுங்கியும் குழந்தை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. இக்காலம் கடந்தபின் உட்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கைகால் குறை வரவில்லை. கைகால்கள் அதற்குள் உருப்பெற்றுவிட்டிருந்தன.

20ஆம் நாள் என்பது மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும் சமயம். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே உறுதியாகியிராது. மசக்கை தொடங்குவதும் அப்போதுதான். அதாவது, குமட்டலுக்காக ஒரு பெண் மருந்தைத் தேடும் நாள்களும் அந்த மருந்து கருவைக் கெடுக்கும் நாள்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இந்த வரலாற்றில் மனத்தை மிகவும் வருத்துவது இதுவே. குழந்தையின் குறைக்குத் தம்மையே நொந்துகொண்ட தாய்மார் பலர். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

எல்லாப் பொருள்களுக்கும் ஆபத்துக் காலம் இவ்வளவு குறுகியதன்று. மூளை ஒன்பது மாதமும் வளர்வதால், மது கர்ப்பகாலம் முழுவதிலும் அதைப் பாதிக்க வல்லது.

ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் பல குடும்பங்களை விசாரித்து, 1961 நவம்பரில் கான்டர்கன் மீதான தம் ஐயத்தை நிறுவனத்திடம் தெரிவித்தார். அம்மாத இறுதியில் மருந்து ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. சிட்னியிலிருந்து வில்லியம் மெக்பிரைட் எழுதிய கடிதம் டிசம்பரில் 'லான்செட்' இதழில் வெளியானது. அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகத்தின் அதிகாரி ஃபிரான்சஸ் கெல்சி 1960 முதலே விற்பனை அனுமதியை மறுத்துவந்தார். நீண்டநாள் உட்கொண்டவர்களுக்கு நரம்புகள் மரத்துப்போவதாகப் பிரிட்டனிலிருந்து வந்த செய்தியைப் படித்த அவர், அப்படியானால் கருவுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அனுமதி கோரிய நிறுவனத்தின் தொடர்ந்த நெருக்கடிக்கு அவர் பணியாததால் எண்ணற்ற குழந்தைகள் தப்பின. 1962இல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தைக் கடுமையாக்கியது.

மருந்து செயல்படும் விதம் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. அது செரப்லான் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் கண்டறிந்தார்கள். அவ்வாறு ஒட்டும்போது, கைகால் உருவாக்கத்துக்குத் தேவையான சால்4 என்னும் புரதம் சிதைக்கப்படுகிறது என்பது 2018இல் தெரியவந்தது. சுண்டெலிகளில் இச்சிதைவு நிகழ்வதில்லை, முயல்களில் நிகழ்கிறது. புதிய மருந்துகளைக் கருவுற்ற விலங்குகளில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களில், சோதிக்கும் வழக்கம் இந்த அனுபவத்தால் வலுப்பெற்றது.

எனினும் தாலிடோமைடு முற்றிலும் கைவிடப்படவில்லை. தொழுநோயாளிகளுக்கு வரும் வலிமிக்க தோல் கட்டிகளை அது தணிப்பதை ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் 1960களில் கவனித்தார். இன்று மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. உட்கொள்ளும் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் கருத்தடையும் கட்டாயம். தொழுநோய்க்காக இது புழங்கிய பிரேசிலில், விற்பனை நிறுத்தப்பட்ட 1960களுக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. ஜெர்மனியில் குருனந்தால் நிறுவனம் 2012இல்தான் மன்னிப்புக் கேட்டது. தாமதமாக வந்த அந்த மன்னிப்பை, பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் போதாது என்று நிராகரித்தன.