துப்பாக்கிக்கு விலை பேசிய கதை

பெங்களூருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கீபோர்டைத் தவிர வேறு ஆயுதம் தொட்டதில்லை. அப்படிப்பட்டவனை ஒரு துப்பாக்கிக்கு விலை மதிக்கக் கூப்பிட்டால்? தங்கமணி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை :-)

கூப்பிட்டவர் அலுவலக நண்பர், குடகுக்காரர். போன வருஷம் அவர் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கவே பயம். பார்க்க வந்த வியாபாரி, "இது .303, பட்டாளத்துத் துப்பாக்கி, வைத்திருந்தால் கேஸ்" என்று மிரட்டி, ஒரு செல்போன் விலையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மிரட்டலில் பாதி நிஜம். நம் நாட்டில் .303 சாதாரண ஆட்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். இதற்கு வேர் 1857. பட்டாளத் தோட்டா பொதுஜனம் கையில் புழங்கக்கூடாது என்று அப்போதே வெள்ளைக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது. 1907இல் .450 ரகத் துப்பாக்கிகளையும் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். வேட்டைக்காரர்களுக்காக லண்டன் கம்பெனிகள் .470, .465 என்று புதுசு புதுசாகச் செய்தது அதனால்தான். நம்மூர் .315 பிறந்ததும் இதே மாதிரி ஒரு சுற்றுவழியில்தான்: லீ-என்ஃபீல்டின் உடம்பு, ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் தோட்டா. முதல் உலகப்போரில் எதிரெதிரே நின்ற இரண்டும் இந்தியக் காட்டில் ஒன்றாகிவிட்டன!

குடகர்கள் கதை தனி. 1861லிருந்தே அவர்களுக்கு ஆயுத உரிம விலக்கு உண்டு. 2019இல் அதை 2029 வரை நீட்டித்தார்கள். கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். என்ன பூ தெரியுமா? நம்ம செங்காந்தள்!

எனக்குத் துணையாக, ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற வேலூர்க்காரர் ஒருவரை அழைத்துப் போனேன். முதலில் தோட்டா இல்லையென்று இரண்டு முறை பார்த்தார். பிறகு போல்ட் கைப்பிடிக்குக் கீழே, கட்டை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்த இரும்புப் பட்டையைத் துணியால் துடைத்தார். கிரீடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ., 1918, கடைசியில் மூன்று கோடும் நட்சத்திரமும்.

"நட்சத்திரத்தைப் பாருங்க தம்பி. 1916இல போர் அவசரத்துல சில பாகங்களைக் குறைச்சாங்க, அதுக்கு அடையாளம்."

முன்பக்கக் கட்டையைப் பாதியில் அறுத்திருந்தார்கள். பயனெட் மாட்டும் மூக்கு இல்லை. சேகரிப்பவர்களிடம் இதற்கு மதிப்பு விழும், அறுத்த கட்டையை ஒட்ட முடியாதே. போல்ட் எண்ணும் உடம்பு எண்ணும் வேறு வேறு. அதற்கு அவர் முகம் சுளித்தார். வேறு போல்ட் மாட்டியிருந்தால், தோட்டா உட்காரும் இடைவெளியை கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாதாம்.

மிச்சம் இருந்தது அந்த ஒரே கேள்வி: .303ஆ, .315ஆ? முதலாவது 7.7 மில்லிமீட்டர், அடுத்தது 8. வித்தியாசம் வெறும் 0.3. அதில்தான் ஒரு குடும்பத்தின் தூக்கம்! குழல்வாயில் அளவுகோலை நுழைத்தபோது அந்த அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

எட்டு. குழலைப் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். அறையின் நீளத்தையும் அளந்து பார்த்தார்: .303 தோட்டாக் கூடு 56 மில்லிமீட்டர், இதில் 50தான் கொள்ளும்.

விலை கேட்டேன். பெரியவர் சிரித்தார். அமெரிக்காக்காரன் விலையை இணையத்தில் பார்த்து ஏமாறக்கூடாது, இங்கே விற்கவும் வாங்கவும் உரிமமோ விலக்குச் சான்றோ வேண்டும். இப்போதெல்லாம் வேட்டையே கிடையாது, 2019 திருத்தத்தில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம் வாங்குகிறவன் எத்தனை பேர்? ஆனாலும் செல்போன் விலை அநியாயம், அதைப் போல நாலு மடங்காவது தேறும் என்றார்.

நண்பர் வியாபாரிக்குப் போன் போட்டு, "சார், குழல் எட்டு மில்லிமீட்டர்" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

துப்பாக்கி இப்போது விற்பனைக்கு இல்லை. மகன் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள்.