சொந்த டொமைன் மின்னஞ்சலை வேறு வழங்குநருக்கு மாற்றுதல்

ஒரு நிறுவனமோ தனியாளோ தம் பெயரில் பதிந்துள்ள டொமைனின் மின்னஞ்சல் கணக்குகளை, முகவரி மாறாமல், ஒரு சேவை நிறுவனத்தின் சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும் வேலை இது. வெளியே இருந்து கடிதம் எழுதுபவருக்கு எதுவுமே தெரியாமல் நடந்து முடிந்தால் சரியாக நடந்தது என்று பொருள். பெரிய நிறுவனங்களில் இதற்கென ஆள் இருப்பார்கள். கோலாலம்பூர் பங்சாரின் தெலாவி சாலைகளில் கடைவீட்டு மாடியில் நடக்கும் வழக்கறிஞர் அலுவலகமோ பல் மருத்துவ நிலையமோ என்றால், கணக்கு எழுதுபவர் தலையிலேயே இதுவும் விழும்.

முகவரி யாருக்குச் சொந்தம்

மலேசியாவின் '.மை' டொமைன் 1987 ஜூன் 8 அன்று ஒதுக்கப்பட்டது. அரசு ஆய்வு நிறுவனமான மிமோஸ் 1992இல் நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங்கைத் தொடங்கியது. ஜாரிங் பெயரில் முடியும் முகவரியைப் பெயரட்டையில் அச்சடித்துக்கொண்ட வணிகர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். பின்னர் தனியார் கைக்குப் போன ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. முகவரியின் பின்பாதி நிறுவனத்துடையது என்பதால், அதை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வாடிக்கையாளருக்கு வழியில்லை. பழைய கடிதங்களை நகலெடுக்கலாம், முகவரியை முடியாது.

இதற்கு நேரெதிரான சான்று இந்தியாவில் இருக்கிறது. இந்திய மத்திய அரசின் மின்னஞ்சலைத் தேசியத் தகவலியல் மையம் தன் சொந்த சர்வர்களில் நடத்திவந்தது. 2023இல் அந்தப் பொறுப்பு ஏழாண்டு ஒப்பந்தத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவுக்குப் போனது. பிரதமர் அலுவலகம் உட்படச் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் கணக்குகள் மாறின. அரசு டொமைன்கள் அரசிடமே இருந்ததால் ஊழியர் முகவரிகள் அப்படியே நின்றன. குடி மாறியும் கதவிலக்கம் மாறவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சர்வரை அல்ல, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை. '.காம்.மை' டொமைனை மலேசியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்கே நாட்டின் டொமைன் பதிவகமான மைநிக் தருகிறது. ஆனாலும் இணையதளம் செய்து கொடுத்தவர் தன் மின்னஞ்சலையே தொடர்பு முகவரியாகப் போட்டுவிடுவது சிறு அலுவலகங்களில் சகஜம். அவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்திவிடுவது உத்தமம். இன்னொரு சிக்கலும் உண்டு: டொமைனின் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருந்தால், மாற்றத்தின்போது அஞ்சல் நின்றுவிடும் வேளையில் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அந்த நின்றுபோன பெட்டிக்கே போகும். வெளியே உள்ள ஒரு முகவரியைக் கொடுத்துவைக்க வேண்டும்.

எது மாறுகிறது

டொமைன் பதிவு, டொமைன் பெயருக்கு உரிய சர்வர்கள் எவை என்று சொல்லும் டிஎன்எஸ், இணையதளம், மின்னஞ்சல் ஆகிய நான்கும் தனித்தனிச் சேவைகள். நான்கு நிறுவனங்களிடம்கூட இருக்கலாம். உள்ளூர் ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக விற்பதால் பலரும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். மின்னஞ்சல் மாற்றத்தில் மாறுவது டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவுதான். ஒரு டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் வரி அது. 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய விதிமுறை இதை வகுத்தது.

அந்த வரியை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ஆனால் உலகெங்கும் உள்ள சர்வர்கள் பழைய பதிலை, டிடிஎல் என்ற கால அளவு முடியும்வரை நினைவில் வைத்திருக்கும். பல இடங்களில் இது 14,400 வினாடி, அதாவது நான்கு மணி நேரம். மாற்றத்துக்கு முந்தைய நாளே இதை 300ஆகக் குறைத்துவிட்டால் மறுநாள் காத்திருப்பு குறையும்.

சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பும் தரப்பு உடனே கைவிடுவதில்லை. நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் புது சர்வர் இயங்கி, அதில் பெட்டி மட்டும் இல்லையென்றால் கடிதம் அந்த நொடியே திருப்பி அனுப்பப்படும். எனவே கணக்குகளும், 'விசாரணை', 'கணக்குப் பிரிவு' போன்ற மாற்றுப்பெயர் முகவரிகளும் எம்எக்ஸைத் தொடுவதற்கு முன்பே புது இடத்தில் இருந்தாக வேண்டும். மாற்றுப்பெயர்களைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்.

பழைய கடிதங்கள்

பழைய கடிதங்களை, சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறையான ஐமேப் வழியாக நகலெடுப்பார்கள். இதற்கு ஐமேப்சிங்க் போன்ற மென்பொருளும், புது வழங்குநர் தரும் கருவியும் உண்டு. எம்எக்ஸ் மாற்றத்துக்குச் சில நாள் முன்பு ஒருமுறை முழுதாக ஓட்டி, மாற்றிய பின் மிச்சத்துக்காக மறுபடி ஓட்டுவது வழக்கம். தொடர்புப் பட்டியலும் நாள்காட்டியும் ஐமேப்பில் வராது. தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய பாப் முறையில் படித்தவர் இருந்தால் அவருடைய கடிதங்கள் சர்வரிலேயே இருக்காது, மேசைக் கணினியின் அவுட்லுக் கோப்பில் கிடக்கும். அந்தக் கணினியைக் கண்டுபிடிப்பதே சில இடங்களில் பெரும்பாடு.

சிபேனல் என்ற நிர்வாக மென்பொருளில் ஓடும் ஹோஸ்டிங்கில் வேறொரு வம்பு இருக்கிறது. இணையதளம் பழைய இடத்திலேயே இருந்து, மின்னஞ்சல் மட்டும் வெளியே போனாலும், அந்த சர்வர் தானே அஞ்சலுக்குப் பொறுப்பு என்று நம்பிக்கொண்டிருக்கும். தளத்தின் விசாரணைப் படிவத்தில் ஒருவர் எழுதினால் அது வெளியே போகாமல், யாரும் திறக்காத பழைய பெட்டியில் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதே சர்வரில் தளம் வைத்திருக்கும் அக்கம்பக்க நிறுவனங்கள் இந்த டொமைனுக்கு எழுதும் கடிதங்களுக்கும் இதே கதிதான். சிபேனலின் மின்னஞ்சல் ரூட்டிங் பகுதியில் 'உள்ளூர்' என்பதை 'தொலை' என்று மாற்றினால் தீர்ந்தது.

அனுப்பும் கடிதங்கள் போலியல்ல என்று காட்ட, டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகள் தேவை. பெருமளவில் அனுப்புவோருக்கு கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றைக் கட்டாயமாக்கின. ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம்; பழையதோடு புதியதையும் சேர்த்து இரண்டாக விட்டால் இரண்டுமே செல்லாது. இன்வாய்ஸ் அனுப்பும் கணக்கு மென்பொருள், ஸ்கேன் செய்து அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரம் ஆகியவையும் பழைய சர்வரின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்திருக்கும்; அவற்றிலும் மாற்ற வேண்டும்.

சட்டமும் ரத்தும்

மலேசியாவின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. 2024இல் திருத்தம் பெற்றது. நோயாளிகள், கட்சிக்காரர்கள் பற்றிய கடிதங்கள் வெளிநாட்டு சர்வருக்குப் போகுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானவரிச் சட்டப்படி வணிக ஆவணங்களை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகளையும் நகலெடுக்காமல் அழிப்பது சரியல்ல.

பழைய கணக்கை ஒரு மாதமாவது திறந்து வைத்து, அதில் ஏதும் வந்து விழுகிறதா என்று பார்த்த பிறகே நிறுத்துவது நல்லது. நிறுத்தும்போது பேக்கேஜில் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டொமைனின் டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் நேம்சர்வர்கள் பழைய நிறுவனத்துடையவையாக இருந்தால், பேக்கேஜை ரத்து செய்த கையோடு டிஎன்எஸ்ஸும் போய்விடும். மாற்றம் சரியாக முடிந்து பல வாரம் ஓடிய மின்னஞ்சலும் அத்துடன் நின்றுவிடும்.