மெர்க்குரியல்: ஓடும் கிரகம், நில்லாத உலோகம்

நேற்றுச் சிரித்துப் பேசியவர் இன்று காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார். நாளை எப்படியோ! இப்படிப்பட்டவரை ஆங்கிலத்தில் 'மெர்க்குரியல்' என்பார்கள். அடிக்கடி மாறும் மனநிலை கொண்டவர் என்று பொருள்.

மெர்க்குரி என்பவர் ரோமானியர்களின் வணிகக் கடவுள். தேவர்களின் தூதரும் அவர்தான். காலில் சிறகு கட்டிப் பறப்பவர். வானத்தில் வேகமாக ஓடும் கிரகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அது சூரியனைச் சுற்ற 88 நாட்கள் போதும். ரசவாதிகள் ஒவ்வொரு உலோகத்தையும் ஒரு கிரகத்தோடு சேர்த்தபோது, கையில் நிற்காமல் உருண்டோடும் பாதரசம் மெர்க்குரியின் பங்குக்கு வந்தது. முதலில் இந்த ஆங்கிலச் சொல் கிரகத்தைத்தான் குறித்தது. பிறகு, அந்தக் கிரகத்தின் ஆதிக்கத்தில் பிறந்த பேச்சு சாமர்த்தியமும் வியாபார புத்தியும் உள்ளவரைக் குறித்தது. ஏறக்குறையப் பாராட்டுதான். 17ஆம் நூற்றாண்டில்தான் பாதரசத்தின் குணம் அதில் ஏறிக்கொண்டது.

அதே கிரகம் நமக்குப் புதன். தாமிரபரணிக் கரையின் நவகைலாயங்களில் புதனுக்குரியது தென்திருப்பேரை. ஜோதிடத்தில் புதன் கல்விக்கும் அறிவுக்கும் உரியவர். ஆனால் நம் ஜோதிடரும் அவரை முழுதாக நம்பிவிடவில்லை! சுபரோடு சேர்ந்தால் சுபர், பாபரோடு சேர்ந்தால் பாபர் என்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் குணத்துக்கு இது வெகு பக்கத்தில் வருகிறது.

உலோகத்தின் கதைதான் இங்கே பெரிது. சித்த மருத்துவத்தில் பாதரசத்துக்கு 'ரசம்' என்று பெயர். நில்லாத ரசத்தை நிற்க வைப்பதே 'ரசம் கட்டுதல்'. அது கந்தகத்தோடு சேர்ந்தால் சிவந்த லிங்கம். முறைப்படி புடமிட்டால் செந்தூரம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. ரசத்தை மருந்தாக்குமுன் சுத்தி செய்ய வேண்டும் என்பது சித்த மருத்துவ மாணவரின் ஆரம்பப் பாடம். பாதரசம் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. ஆகவே "கட்டிவிட்டோம்" என்ற சொல் மட்டும் போதாது. ஆய்வுக்கூடமும் அதைச் சொல்ல வேண்டும்.

பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்றது. அதனால் பாதரச தெர்மாமீட்டர் விடைபெற்று வருகிறது. ஆனால் பாரம்பரிய, சமயப் பழக்கங்களில் பயன்படும் பொருட்களுக்கு அந்த உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் விலக்கு உண்டு. செந்தூரம் இன்னும் வைத்தியரின் மருந்துப் பெட்டியில்தான் இருக்கிறது.